குடல் புற்றுநோய்: பயாப்ஸி ரிப்போர்ட் என்ன சொல்கிறது?

(பொத்தேரியில் நடந்த மருத்துவ உதவிக் கூட்டத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





மருத்துவ உதவி கேட்டு வரும் விண்ணப்பங்களை நம் நிர்வாகிகள் மாதம் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கிறோம். புற்றுநோய் விண்ணப்பம் என்றால் பெரிய உறையில் ஸ்கேன் படம் வந்துவிடும். ஆஸ்பத்திரி எஸ்டிமேட், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், ஜமாஅத் கடிதம் எல்லாம் வரிசையாக இருக்கும். "பயாப்ஸி ரிப்போர்ட் எங்கே?" என்று கேட்டால்தான் தடுமாற்றம். "அது டாக்டர்கிட்டயே இருக்கு பாய்" என்பார்கள். "ஒரே ஒரு பேப்பர்தான் பாய், வீட்ல எங்கேயோ வெச்சிட்டோம்" என்பார்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்து எடுத்த படத்தை உறை போட்டு வைக்கிறோம். அந்த ஒற்றைத் தாளை மருந்துக்கடை பில்லோடு சேர்த்துத் தொலைத்துவிடுகிறோம்.

கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்பதை ஸ்கேன் காட்டும். அது என்ன வகைக் கட்டி என்பதை அந்தத் தாள்தான் சொல்லும். எந்தச் சிகிச்சை, எவ்வளவு சீக்கிரம், பிழைக்கும் வாய்ப்பு எப்படி, வீட்டில் மற்றவர்களையும் பார்க்க வேண்டுமா என்பதில் பெரும்பகுதி அதில் உள்ள நாலைந்து வார்த்தைகளைப் பொறுத்தது. இன்று குடல் புற்றுநோயை வைத்து அந்த வார்த்தைகளைக் கொஞ்சம் பார்ப்போம். நாங்கள் டாக்டர்கள் இல்லை. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும் என்ற அளவுக்கே பேசுகிறோம்.

நம் பெருங்குடலின் உள்தோல் முழுக்கச் சின்னச் சின்னச் சுரப்பிகள். சளி போன்ற வழவழப்பைச் சுரந்து மலம் எளிதாக நகர அவை உதவுகின்றன. குடல் புற்றுநோயில் 100க்கு 90க்கு மேல் இந்தச் சுரப்பிச் செல்களில் தொடங்குவதுதான். அதன் பெயர் அடினோகார்சினோமா. ரிப்போர்ட்டில் இந்தச் சொல்லைப் பார்த்ததும் புதிதாக ஏதோ பயங்கரம் என்று நினைக்க வேண்டாம். வழக்கமாக வருவது இதுதான்.

அதற்கு முன்னால் இன்னொரு சொல் இருக்கும். நன்றாக உருவானது, நடுத்தரம், மோசமாக உருவானது என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள். இதைக் கிரேடு என்கிறார்கள். கட்டியின் செல்கள் இன்னும் சுரப்பி வடிவத்தைக் காப்பாற்றி வைத்திருக்கின்றனவா, உருக்குலைந்துவிட்டனவா என்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்வது. உருக்குலைந்த செல்கள் பொதுவாக வேகமாகப் பரவும். கிரேடு வேறு, ஸ்டேஜ் வேறு. "கிரேடு 3" என்று பார்த்துவிட்டு "மூணாவது ஸ்டேஜாம்" என்று ஊர் முழுக்கச் சொல்லி அழுத குடும்பங்கள் உண்டு. ஸ்டேஜ் என்பது நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்ற கணக்கு. லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் கத்பர்ட் டியூக்ஸ் என்ற திசு ஆய்வு மருத்துவர் 1932ல் மலக்குடல் புற்றுநோயை ஏ, பி, சி என்று பிரித்தார். குடல் சுவருக்குள் நிற்கிறதா, சுவரைத் தாண்டிவிட்டதா, நெறிக்கட்டிகளுக்குப் போய்விட்டதா என்பது அந்தப் பிரிவு. இன்றைய ஸ்டேஜ் கணக்கு அந்த வழியில் வளர்ந்து வந்ததுதான்.

அடுத்து மியூசினஸ் என்று ஒரு சொல் வரலாம். கட்டியில் பாதிக்கு மேல் சளியாக இருந்தால் இந்தப் பெயர். 100 குடல் புற்றுநோய்களில் 10 முதல் 15 வரை இந்த வகை. மலக்குடலில் வந்தால் கதிரியக்கத்துக்கும் மருந்துக்கும் வழக்கமான வகை அளவுக்கு இது சுருங்கிக் கொடுப்பதில்லை. பெருங்குடலில் வந்தால் ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் ஒப்பிடும்போது அவ்வளவு பெரிய வித்தியாசம் இருப்பதில்லை.

நாம் நின்று பேச வேண்டியது சிக்னெட் ரிங் செல் வகையைப் பற்றி. அந்தக் காலத்தில் கடிதத்தில் அரக்கு வைத்து அழுத்துவார்களே, முத்திரை மோதிரம், அதுதான் பெயரின் பொருள். செல்லுக்குள் சளி நிரம்பி, நடுவில் இருக்க வேண்டிய கருவை ஓரத்துக்குத் தள்ளிவிடும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கல் பதித்த மோதிரம் போலத் தெரியும். பெயர் அழகாக இருக்கிறது, நோய் அப்படியில்லை. இந்தச் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்காமல் தனித்தனியாகப் பிரிந்து குடல் சுவருக்குள்ளேயே ஊடுருவிப் போகும். ஈரலுக்குப் போவதைவிட வயிற்றின் உள்சவ்விலும், பெண்களுக்குச் சினைப்பையிலும் தூவிவிட்டது போலப் பரவும். அப்படிப் பரவிய சிறு துகள்கள் ஸ்கேனில் தெரியாமல் போகலாம். அதனால்தான் சில டாக்டர்கள் பெரிய ஆபரேஷனுக்கு முன் லேப்ராஸ்கோப்பி வைத்து வயிற்றுக்குள் பார்க்க வேண்டும் என்கிறார்கள். காசு பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. இந்த வகை சில நேரம் உள்தோலை விட்டுவிட்டு அடியில் படர்வதால், முதல் பயாப்ஸியில் எடுத்த துணுக்கில் புற்றுநோய் இல்லை என்று வந்துவிடலாம். குடல் சுருங்கியிருக்கிறது, அறிகுறி தொடர்கிறது என்றால் டாக்டர் மறுபடியும் எடுப்பார். "ஒருதடவை இல்லைன்னு வந்துடுச்சே, அல்ஹம்துலில்லாஹ்" என்று அத்துடன் நிறுத்திவிடக் கூடாது.

மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவமனை 2013 ஆகஸ்ட் முதல் 2014 ஜூலை வரை தங்களிடம் புதிதாக வந்த 800 குடல் புற்றுநோயாளிகளின் விவரத்தைத் தொகுத்து வெளியிட்டது. சராசரி வயது 47. மேலைநாடுகளில் இந்த நோய் பெரும்பாலும் 60 தாண்டியவர்களின் நோய். அங்கே முத்திரை மோதிர வகை 100ல் ஒருவர் அளவில்தான். டாட்டாவில் 100க்கு 13 பேர். வந்து சேர்ந்தபோதே 100க்கு 28 பேருக்கு உடலின் வேறு இடங்களுக்குப் பரவியிருந்தது. நம் நாட்டில் மொத்தத்தில் குடல் புற்றுநோய் குறைவுதான். நாடு முழுவதிலிருந்தும் சிக்கலான கேஸ்கள் அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் போகும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அப்படியே எடுத்தாலும் 47 என்ற வயது எங்களை யோசிக்க வைக்கிறது. அது பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டும் வயது, மகளுக்கு நிக்காஹ் பேசும் வயது. அந்த வயதில் ரத்தம் போனால் யாருக்குப் புற்றுநோய் ஞாபகம் வரும்? மூலம் என்றுதான் நினைப்போம்.

மூலம் நம்மிடையே மிகச் சாதாரணம். மலத்தில் ரத்தம் போகிற பெரும்பாலோருக்கு அது மூலமோ வெடிப்போதான். ஆனால் டாட்டாவுக்கு வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சொன்ன அறிகுறியும் ரத்தப்போக்குதான். நம் பகுதியில் ஒரு சகோதரர் ஓராண்டுக்கு மேல் களிம்பும், துத்தி இலையும், "மூலத்துக்கு ஊசி" போர்டு வைத்த இடமுமாக அலைந்தார். அந்த ஓராண்டில் ஒருவர்கூட கையுறை போட்டு விரலால் பரிசோதிக்கவில்லை. பாதி மலக்குடல் கட்டிகள் விரலுக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை. அந்தப் பரிசோதனைக்கு 2 நிமிடம் போதும். வெட்கம்தான் தடுக்கிறது. சகோதரிகள் பெண் டாக்டரைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காத இடத்தில் தேவைக்காக ஆண் டாக்டர் பார்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை என்று நம் ஆலிம்கள் பலமுறை விளக்கியிருக்கிறார்கள். ரத்தப்போக்கு, மலம் கழிக்கும் வழக்கத்தில் சில வாரங்களுக்கு மேல் நீடிக்கும் மாற்றம், காரணம் தெரியாத ரத்தசோகை, எடைக் குறைவு இவற்றில் எது இருந்தாலும் மருந்து வாங்கும் முன் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

"பயாப்ஸி எடுத்தா பரவிடும், கத்தி படக்கூடாது" என்று ஒரு பேச்சு நம் வீடுகளில் உண்டு. குடலில் கொலனோஸ்கோப்பி வழியாக எடுப்பது அரிசி அளவுத் துணுக்குகள். அதனால் நோய் பரவுவதில்லை. எடுக்காமல் விட்டால் என்ன நோய் என்றே தெரியாமல் சிகிச்சை செய்ய வேண்டி வரும்.

அப்படித் தெரியாமல் செய்வது எவ்வளவு தப்பாகப் போகலாம் என்பதற்கு ஓர் உதாரணம். ஆசனவாயில் கட்டி, ரத்தம் என்று இரண்டு பேர் வருகிறார்கள். வெளியில் இருந்து பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். ஒருவருக்கு அடினோகார்சினோமா, இன்னொருவருக்கு ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்று ரிப்போர்ட் வருகிறது. முதல்வருக்கு ஆபரேஷன்தான் முக்கியச் சிகிச்சை. இரண்டாமவருக்குப் பெரும்பாலும் கதிரியக்கமும் மருந்தும் சேர்த்துக் கொடுத்தாலே போதும்; ஆசனவாயை எடுக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் நார்மன் நைக்ரோ என்ற அறுவை மருத்துவர் 1974ல் இதை வெளியிட்டார். ஆபரேஷனுக்கு முன் கட்டியைச் சுருக்கலாம் என்று கொடுத்த சிகிச்சையிலேயே கட்டி மறைந்துபோனதைக் கண்டார். அதற்கு முன் இந்த நோய் வந்தவர்களுக்கெல்லாம் ஆசனவாயை எடுத்து, வாழ்நாள் முழுக்க வயிற்றில் பை வைத்தார்கள். எந்த வழி என்பதைப் பிரித்துச் சொல்வது திசுவின் வகைதான்.

இப்போது வாட்ஸ்அப் விஷயத்துக்கு வருகிறோம். 2022 ஜூனில் "புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள், 12 பேருக்கும் முழுமையாகக் குணம்" என்று ஒரு செய்தி எல்லா குரூப்பிலும் சுற்றியது. செய்தி பொய்யில்லை. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் மலக்குடல் புற்றுநோய் உள்ள 12 பேருக்கு டாஸ்டர்லிமாப் என்ற மருந்தை 3 வாரத்துக்கு ஒருமுறை, 6 மாதம் கொடுத்தார்கள். 12 பேருக்கும் கட்டி மறைந்தது. ஆபரேஷன், கதிரியக்கம் எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் அந்த 12 பேரும் ஒரே திசு வகையினர் என்பது நம் குரூப்புகளில் வரவில்லை. செல்கள் பிரியும்போது மரபணுவில் ஏற்படும் எழுத்துப் பிழைகளைத் திருத்த உடம்பில் ஒரு ஏற்பாடு உண்டு. அதை எம்.எம்.ஆர். என்கிறார்கள். அந்த ஏற்பாடு கெட்டுப்போன கட்டிகள் மலக்குடல் புற்றுநோயில் 100க்கு 5 முதல் 10 வரைதான். அவற்றில் பிழைகள் குவிந்து கிடப்பதால் உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கு அடையாளம் தெரிகிறது, மருந்து அந்தச் சக்தியைத் தூண்டிவிடுகிறது. மற்ற 90 பேருக்கு இந்த மருந்து இந்த வேலையைச் செய்யாது. விலையும் சாதாரணமாக எட்டும் விலையில்லை.

இதனால் நமக்கு என்ன என்கிறீர்களா? எம்.எம்.ஆர். நிலையைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை சில ஆயிரம் ரூபாயில் முடிகிறது. எடுத்து வைத்த அதே பயாப்ஸித் துணுக்கிலேயே 4 புரதங்களைச் சாயம் ஏற்றிப் பார்க்கிறார்கள். எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 என்று ரிப்போர்ட்டில் வரும். இரண்டாம் ஸ்டேஜில் இந்தக் குறை உள்ளவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து குறைவு. வழக்கமான ஒற்றை மருந்துக் கீமோ அவர்களுக்குப் பயன் தருவதில்லை என்பதால் அதைத் தவிர்க்கவும் முடியலாம். கீமோ வேண்டாம் என்று தெரிவதும் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய செலவையும் சிரமத்தையும் மிச்சப்படுத்தும்! மெடுல்லரி என்று ஒரு வகை இருக்கிறது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் உருக்குலைந்து முரடாகத் தெரியும், ஆனால் பெரும்பாலும் இந்தக் குறை உள்ளது என்பதால் தோற்றத்தைவிடச் சாதுவாக நடந்துகொள்ளும். எனவே ஒரு வார்த்தையை மட்டும் கூகுளில் தட்டிப் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். முத்திரை மோதிர வகையே ஆனாலும் குடல் சுவருக்குள் நிற்கும்போது கண்டு, முழுமையாக எடுத்தவர்கள் நலமாக வாழ்கிறார்கள். வகை, கிரேடு, ஸ்டேஜ், எம்.எம்.ஆர். நான்கையும் சேர்த்து வைத்துத்தான் டாக்டர் சொல்வார்.

எம்.எம்.ஆர். குறை சிலருக்குப் பிறவியிலேயே, குடும்ப வழியாக வருகிறது. 1895ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற திசு ஆய்வு மருத்துவரிடம் அவர் வீட்டுத் தையற்காரப் பெண் ஒருநாள் வருத்தமாகச் சொன்னார்: எங்கள் குடும்பத்தில் எல்லோரும் குடல், வயிறு, கருப்பைப் புற்றுநோயில்தான் போகிறார்கள், நானும் அப்படித்தான் போவேன் என்று. இளம் வயதிலேயே அவர் சொன்னபடியே ஆயிற்று. வார்த்தின் அந்தக் குடும்பத்தின் வரலாற்றைத் தொகுத்து 1913ல் வெளியிட்டார். ஹென்றி லிஞ்ச் என்ற மருத்துவர் 1960களில் அதைத் தொடர்ந்தார். இன்று அதற்கு லிஞ்ச் சிண்ட்ரோம் என்று பெயர். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெண்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் ஆபத்தும் சேர்ந்தே வரும்.

இங்கேதான் நம் சமுதாயத்தில் வாய் திறக்க மாட்டோம். "அத்தாவுக்கும் இதுதான், சின்னத்தாவுக்கும் இதுதான்" என்று டாக்டரிடம் சொல்லத் தயக்கம். மகளைப் பார்க்க வருபவர்கள் கேள்விப்பட்டுவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயம் எங்களுக்குப் புரியாததில்லை; நாங்களும் பெண் கொடுத்து எடுத்தவர்கள்தான். ஆனால் மறைப்பதால் நஷ்டம் அந்த மகளுக்குத்தான். குறை இருப்பது தெரிந்தால் 25 வயது வாக்கிலிருந்து ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை கொலனோஸ்கோப்பி செய்து, சின்னச் சதை வளர்ச்சியாக இருக்கும்போதே அங்கேயே அகற்றிவிடலாம். நம்மில் பலர் நெருங்கிய சொந்தத்தில் நிக்காஹ் செய்கிறோம். ஆணும் பெண்ணும் இருவருமே ஒரே குறையைச் சுமந்து, பிள்ளைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் அது வந்துவிட்டால், குழந்தைப் பருவத்திலேயே மூளை, ரத்தம், குடல் என்று புற்றுநோய் வரும் நிலை உண்டு. மிக அரிது. சொந்தத்தில் கட்டாதீர்கள் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. குடும்பத்தில் 50 வயதுக்கு முன் குடல் அல்லது கருப்பைப் புற்றுநோய் வந்தவர் இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆபரேஷனில் எடுத்த குடல் பகுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறிய நர்ஸிங் ஹோம்களில் அதை டப்பாவில் போட்டு, லேபில் கொடுக்கச் சொல்லி நம் கையிலேயே தந்துவிடுவார்கள். உடலிலிருந்து எடுத்ததை அடக்கம் செய்ய வேண்டுமே என்று சிலர் நேராக மையவாடிக்கு யோசிக்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் பரிசோதனை முதலில். அந்தப் பகுதியில் உள்ள நெறிக்கட்டிகளை லேபில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார்கள். குறைந்தது 12 பார்க்க வேண்டும் என்பது நடைமுறை. அதை வைத்துத்தான் கீமோ தேவையா என்று முடிவாகும். டப்பாவில் ஃபார்மலின் ஊற்றியிருக்கிறதா என்று கேளுங்கள். தண்ணீரில் போடாதீர்கள், வீட்டு ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், அன்றைக்கே லேபில் சேருங்கள். மிச்சப் பகுதியைத் திருப்பிக் கேட்டு வாங்கி அடக்கம் செய்யலாம். மெழுகில் பதித்து வைத்த துணுக்கை பிளாக் என்பார்கள். ஆஸ்பத்திரி மாறும்போது அந்த பிளாக்கையும் கண்ணாடி ஸ்லைடையும் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது கருத்துக்கு அவைதான் வேண்டும். மறுபடி பயாப்ஸி எடுக்கும் வேதனையும் மிச்சம்.

பை வைப்பார்கள் என்ற பயத்தில் ஆபரேஷனே வேண்டாம் என்பவர்கள் உண்டு. "பையோட எப்படித் தொழுவேன்?" என்று கண்ணீரோடு கேட்ட பெரியவர் ஒருவரை நாங்கள் சந்தித்தோம். தொடர் சிறுநீர்ச் சொட்டு உள்ளவருக்கு உள்ள அதே சலுகைதான் இவருக்கும். தொழுகை நேரம் வந்ததும் ஒளூச் செய்து தொழலாம். பை இருப்பதால் தொழுகை விலகாது, பள்ளிக்கு வருவதற்கும் வழி உண்டு. ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளில் நுணுக்கமான வித்தியாசங்கள் உள்ளன, உங்கள் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பலருக்கு அந்தப் பை தற்காலிகம்தான், சில மாதத்தில் மூடிவிடுவார்கள். நிரந்தரமா, தற்காலிகமா என்று ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள்.

எங்கே போவது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். முதல் பரிசோதனைக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. புற்றுநோய்க்கென்றே காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. பொத்தேரியில் மின்சார ரயில் ஏறினால் பார்க் ஸ்டேஷனில் இறங்கி ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்குப் போகலாம். கிண்டியில் இறங்கி, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கும் போகலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். நோய் வந்த பிறகு அட்டைக்கு அலையாமல் இப்போதே வருமானச் சான்று வாங்கிப் பதிந்துவையுங்கள். படிவம் நிரப்ப நம் அலுவலகப் பிள்ளைகள் உதவுவார்கள்.

கடைசியாக, நிர்வாகக் குழுவில் எடுத்த முடிவு. குடல் புற்றுநோய்க்கு உதவி கேட்டு வருபவர்கள் இனி பயாப்ஸி ரிப்போர்ட்டின் நகலை இணைக்க வேண்டும். உதவியை மறுப்பதற்காக இல்லை. வகை தெரிந்தால் யாருக்கு அவசரம் என்று பார்த்து முன்னால் கொடுக்க முடியும். பயாப்ஸிக்கே பணமில்லை என்றால் அதற்கும் எம்.எம்.ஆர். பரிசோதனைக்கும் ஆகும் கட்டணத்தை, மாதக் கூட்டம் வரை காத்திராமல் உடனே கொடுக்கிறோம். ஜகாத் பெறத் தகுதியுள்ளவர்களுக்கு அந்த நிதியிலிருந்தும், மற்றவர்களுக்கு ஸதகா நிதியிலிருந்தும் போகும். பெயர் வெளியில் வராது. ரிப்போர்ட் நகல்கள் பூட்டிய அலமாரியில் இருக்கும், சாவி இரண்டு பேரிடம் மட்டும். சகோதரிகள் தங்கள் விண்ணப்பத்தை மகளிர் பிரிவுப் பொறுப்பாளரிடமே கொடுக்கலாம். அலுவலகம் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அஸர் வரை திறந்திருக்கும்.